பக்கம்2_புதுசு_கடைசி

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
சோனைமுத்து அண்ணனின் மோட்டார் பட்டறை.
செம்புக் கம்பி சுற்றும் கைக்கு
நான்கு வருடமாய் ஒரு வலைத்தளமும் உண்டு.
யாரோ காலேஜ் பையன் செய்து கொடுத்துவிட்டு
துபாய் போய்விட்டான்.
நீர்மூழ்கி மோட்டார் பக்கத்துக்கு அவன் வைத்த பெயர்
பக்கம்2_புதுசு_கடைசி.
விலைப்பட்டியலுக்கு, தலைப்பில்லாதது7.
படங்களுக்குக் கேமரா போட்ட நம்பரே போதும் என்று
விட்டிருக்கிறான்.

"கூகுள்ல நம்ம கடை வரலம்மா,
தேடுனா திருச்சிக்காரன் வர்றான்."

கருப்பாயூரணியில் ஒரு மாடியறை, சத்தம் போடும் ஃபேன்,
தவணை முடியாத லேப்டாப்.
பெயர் மாற்றுவதற்குக் கூலி வாங்குகிறவள் நான்.
அண்ணனிடம் முதலிலேயே சொன்னேன்:
பெயர் உப்பு மாதிரி, ஒரு சிட்டிகைதான்.
எழுத்தாணிக்காரத் தெருவில் போய்
எழுத்தாணி கேட்டுப் பாருங்கள்,
பலகை மட்டும் கடையாகாது.
"சரி, உப்பப் போடு" என்றார்.

மாட்டுத்தாவணியில் கண்டக்டர் கூவுவாரே
மேலூர் - கொட்டாம்பட்டி - துவரங்குறிச்சி என்று,
ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் ஒரு மூச்சு,
அந்த மூச்சுதான் சிறுகோடு.
அடிக்கோடு போட்டால்
மூன்று ஊரும் ஒட்டிக்கொண்டு
எங்கேயும் இல்லாத ஒரே ஊராகிவிடும்.
அதில் யாரும் ஏறமாட்டார்கள்.

முதலில் தமிழிலேயே வைத்தேன்.
முகவரிப் பட்டையில் அவ்வளவு அழகு.
அண்ணன் அதை வாட்ஸ்அப்பில் அனுப்ப
கொட்டாம்பட்டிக்காரர் போனில் போய் இறங்கியது
முக்கால் திரைக்குச் சதவீதக் குறியும் எண்களுமாய்.
"என்ன முத்து, வட்டிக் கணக்கா?
நான்தான் போன மாசமே கொடுத்துட்டேனே."

பிறகுதான் பார்த்தேன்
ஜனங்கள் என்ன எழுதித் தேடுகிறார்கள் என்று.
ரீவைண்டிங் என்று சரியாக எழுதினவர் ஒருவருமில்லை.
மோட்டர் வைன்டிங். காயில் கட்ற கடை.
தண்ணி மோட்டார் புகை வருது.
ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர்,
மும்முனைக் கரண்டுக்குக் காத்திருந்தவராய் இருக்கவேண்டும்:
மோட்டார் உறுமுது ஓடல.

அதையே பெயராக வைத்தேன்.
ஆங்கில எழுத்து, மேலூர் வாய்.
சொல்லுக்குச் சொல் ஒரு சிறுகோடு.
உள்ளே அண்ணன் சொன்னதை அப்படியே எழுதினேன்:
உறுமினால் உடனே ஆஃப் பண்ணுங்க,
கெப்பாசிட்டரா பேரிங்கான்னு அப்பறம் பாக்கலாம்.

அந்தத் தெம்பில் ஒரே ராத்திரி
நாற்பது பக்கத்துக்கும் பெயரை மாற்றினேன்.

திங்கள் போன் வரவில்லை.
செவ்வாயும்.
பழைய விலாசத்தில் வந்தவர்கள்
காலி மனையைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள்.
நான்கு வருடத்தில் அந்த அசட்டுப் பெயரும்
யார் யார் போனிலோ
கொஞ்சம் வேர் விட்டிருந்தது.
"இருந்த அஞ்சு பேரும் போயிட்டாங்களேம்மா."
திட்டியிருந்தால் தேவலை.

கடை இடம் மாறினால்
ஷட்டரில் ஒரு தாள் ஒட்டுவோம்,
அம்புக்குறி போட்டு.
அதைச் செய்ய மறந்திருந்தேன்.
நாற்பது பழைய கதவிலும் ஒட்டினேன்:
முந்நூற்றொன்று, நிரந்தரமாக மாற்றப்பட்டது,
இந்தப் பக்கம் வாங்க.

ஆறு வாரம்.
மூன்றாம் பக்கத்தில் கிடந்தது
முதல் பக்கத்தில் நான்காவதாய் வந்தது.
பெயராலா, அண்ணன் வாய்ச்சொல்லாலா,
வாடிக்கையாளர் போட்ட நட்சத்திரங்களாலா,
அந்தப் பொறி யாரிடமும் வாய் திறக்காது.
திருச்சிக்காரன் இன்னும் மேலேதான் இருக்கிறான்.

நேற்று அண்ணன் கூப்பிட்டார்.
"உன் பில்லு அனுப்பும்மா, ரெண்டு மாசமாச்சு."

தேடினேன்.
பில்_புதுசு.
பில்_புதுசு2.
பில்_கடைசி_இதுதான்.
தலைப்பில்லாதது11.
ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.